பிந்தி வந்தவளுக்கும் இடமுண்டு

குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகு பிந்தினால், நயினாதீவுப் பிள்ளை நடன வகுப்புக்கும் பிந்துகிறாள். நேரந் தவறியவளுக்குச் சாஸ்திரியக் கலை கைகூடாது என்பர் சிலர். இவ்வாதத்தை நாம் மறுக்கிறோம்.

1880இல் சைக்கோவ்ஸ்கி நரம்பு வாத்தியங்களுக்கென இயற்றிய ‘செரனேட்’ கச்சேரிக்குரிய இசை. 1934இல், நியூயோர்க்கில் ஜோர்ஜ் பலன்சீன் அதனைக் கதையற்ற ஓரங்க பலேயாக்கினார். ஆடியோர் அவரது பள்ளி மாணவியர். முதல்நாள் 17 பேர் வந்தனர். 17 பேருக்கே நடனம் அமைத்தார். பின்னர் ஒருத்தி தவறி விழுந்தாள். ஒருத்தி பிந்தி வந்தாள். இரண்டையும் நடனத்திலேயே சேர்த்துக்கொண்டார். அந்நடனம் இன்றும் உலக அரங்குகளில் ஆடப்படுகிறது.

நம்மிடையே நடப்பது யாது? அரங்கேற்றம் என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு மேடை. மண்டபம், பட்டு, நகை, பக்கவாத்தியம் யாவும் பெற்றோர் செலவு. கடற்றொழிலாளியின் மகள் எங்ஙனம் அம்மேடை ஏறுவாள்? திறமை இருந்தும் அவள் பார்வையாளர் வரிசையிலேயே அமர்கிறாள். இதனைக் கலைத்தூய்மை என்று போற்றுவது பணத்துக்குத் தலைவணங்குவதேயாகும்.

கச்சேரியில் நாம் கேட்கும் ஒரு கீர்த்தனைக்கு, வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து ஆடினால் எந்தச் சாஸ்திரம் அழிந்துவிடும்? ஆசிரியர்களே, வந்திருக்கும் பிள்ளைகளைக் கொண்டு இன்றே தொடங்குங்கள். படகில் வருபவளுக்கும் ஓர் இடம் விட்டுவையுங்கள்.