தென்துருவப் பனியும் லைட்ஹவுஸ் குப்பமும்

தென்துருவத்துப் பனிக்கட்டியை ஆராய்வதால் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவத் தோழர்களுக்கு என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கிறார்கள். அக்குப்பம் இருப்பது பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவேயுள்ள மணல் திட்டில். தென்துருவத்தில் தரைமேல் கிடக்கும் பனி கரைந்தால் அத்தண்ணீர் உலகக் கடலெல்லாம் பரவும், இக்கரைக்கும் வரும். ஆகவே கடல் ஏறுவது தலைவிதியுமல்ல, அம்மன் கோபமுமல்ல. சாந்தி செய்து தட்சணை வாங்குகிறவர்களால் அதை ஒரு விரற்கடைகூட இறக்க முடியாது. அளந்துதான் அறிய வேண்டும்.

அது ஒரு தேசத்தால் மட்டும் ஆகிற காரியமல்ல. அமெரிக்காவும் ருஷ்யாவும் ஒன்றையொன்று அழிக்க அணுகுண்டு செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 1959-ம் வருஷத்தில், வேறு பத்து தேசங்களோடு கூடி ஒப்பந்தம் செய்தன: தென்துருவத்தில் இராணுவத் தளம் கூடாது, ஆராய்ந்து கண்டதை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று. இந்தியா 1983-ல் அதில் சேர்ந்தது. மைத்ரி, பாரதி என்னும் நிலையங்களையும் அங்கே அமைத்தது. வடதுருவப் பக்கம், நார்வே தேசத்துக் கடலில் 2014-ல் இறக்கிய கருவியை உண்டாக்கியதில் சென்னைக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்குண்டு.

படிப்பை ஒரு ஜாதிக்கே சொந்தமென்று பூட்டிவைத்த நாட்டுக்கு, கண்டதை எல்லோருக்கும் கொடு என்னும் விதி நல்ல பாடமல்லவா? அந்த 'எல்லோரிலும்' குப்பத்தாரும் அடக்கம். ஆராய்ச்சிக்குச் சர்க்கார் தாராளமாய்ப் பணம் கொடுக்கட்டும். ஆனால் கடல் ஏறும் கணக்கைத் தமிழில் அச்சிட்டு, குப்பத்தார் கூடும் இடத்தில் ஒட்டட்டும். அந்தக் கணக்கைப் போடும் வேலைக்கே குப்பத்துப் பிள்ளைகளும் போகும்படி படிக்க வைக்கட்டும். கடலால் சாகிறவனுக்கில்லாத கடல் அறிவு வேறு யாருக்கு?