லண்டன் காற்றும் வேடசந்தூர் நூலும்

திண்டுக்கல் பக்கம் சாணார்பட்டி டீக்கடையில் மறுபடியும் அதே பேச்சு. லண்டனிலிருந்து லீவுக்கு வந்தவர், நத்தம் ரோட்டில் புகை கக்கிப்போன லாரியைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "அங்க காத்து எவ்வளவு சுத்தம் தெரியுமா மாமா? கரண்டுக்கு நிலக்கரி எரிக்கிறதையே நிறுத்திட்டான். நம்மாளுக்குத்தான் ஒழுக்கமே கிடையாது." பெஞ்சிலிருந்த பெருசுகள் தலையாட்டின.

நிறுத்தியது உண்மைதான். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் ராட்கிளிஃப், 2024 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. ஆனால் லண்டன்காரர் அங்கே வாங்கிப் போட்டிருந்த டி-சர்ட்டின் கழுத்துப் பட்டியில் இருந்ததோ 'மேட் இன் இந்தியா'.

அந்த டி-சர்ட்டின் பூர்வீகத்தை விசாரித்தால் தெரியும். நூல் வேடசந்தூர்ப் பக்கத்து மில்லில் நூற்றதாக இருக்கலாம். நிட்டிங்கும் சாயமும் திருப்பூர். மில்லுக்குக் காற்றாலைக் கரண்டும் உண்டு, சரி. காற்று ஓய்ந்த மாதங்களில் மேட்டூரும் தூத்துக்குடியும் நிலக்கரி எரிக்க வேண்டும். சாயப்பட்டறை பாய்லரில் விறகு எரிகிறது. பிறகு கப்பல். நடுக்கடலில் அது விடும் புகை யார் கணக்கு? யார் கணக்கும் இல்லை! சர்வதேசக் கப்பல் எரிபொருளை நாடுகளின் மொத்தத்தில் சேர்க்காமல் தனியே குறித்துவைப்பதுதான் ஐ.நா. முறை. டி-சர்ட் லண்டனுக்கு, அதைச் செய்த புகை நம் பேரேட்டுக்கு. இதற்குப் பெயர்தான் ஒழுக்கமாம்.

புகை ஏட்டோடு நிற்பதில்லை, நுரையீரலுக்கும் போகிறது. 2017-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வின்படி, 2007-ல் உலகெங்கும் நுண்துகள் மாசால் அகாலத்தில் இறந்தவர்கள் 34.5 லட்சம் பேர். அதில் 22 சதவீதம், வேறொரு வட்டாரத்தார் வாங்குவதற்காகப் பொருள் செய்த இடங்களின் புகையோடு சேர்ந்தது. அந்த டி-சர்ட்டும் அப்படி ஒரு பொருள்தானே?

திண்டுக்கல்லுக்கு இது புதுசா? தோல் பதனிடும் ஷாப்புகளின் தோல் கப்பலேறியது. கழிவு கிணற்றில் தங்கியது. அந்நியச் செலாவணி கொண்டுவருகிறது என்பதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை தோல் தொழிலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொல்ல வேண்டியிருந்தது. செருப்பு போட்டவன் கால் சுத்தம். தண்ணீர் குடித்தவன் பாடு யாருக்கு வேண்டும்?

இப்போது 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம், உள்ளே வரும் உருக்கு, அலுமினியம், சிமென்ட் மீது, அவற்றைச் செய்கையில் எழுந்த புகைக்காகக் கரிமக் கட்டணம் போடுகிறது. இருநூறு வருஷம் எரித்துத் தள்ளியவர்கள் கேட்கும் சுங்கம் இது. கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர்தான். ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லி யார் கழுத்தில் கை வைப்பார்?

லண்டன்காரர் இதற்கெல்லாம் நிற்கவில்லை. திரும்பிப் போவதற்குள் திருப்பூர் போய் நாலைந்து டி-சர்ட் எடுக்க வேண்டுமாம். அங்கே விலை ஜாஸ்தியாம்.