டயரையும் திட்டாதீங்க, பையனையும் திட்டாதீங்க!

பேங்க்ல உட்கார்ந்து லோன் ஃபைல் பார்க்கிறவனுக்கும் ரேஸ் வண்டிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று நீங்கள் முணுமுணுப்பது புனே வரைக்கும் கேட்கிறது. எல்லாம் என் பையனால் வந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததோ இல்லையோ, அன்றிலிருந்து வீட்டில் ஒரே கார்ட் புராணம். கடைசியில் பழைய கார்ட் ஒன்றை வாங்கினோம். தங்கமணிக்குச் சொன்ன விலையும் நிஜ விலையும் வேறு வேறு, அது தனிப் பதிவு :-)

விஷயத்துக்கு வருகிறேன். போன சீசனில் முன் டயர்கள் இரண்டும் கரைந்துகொண்டே போயின. செட் விலை என் சம்பளத்துக்கு நன்றாகவே உறைக்கும். "ஸ்டியரிங்கை வெட்டி வெட்டி ஓட்டினா டயர் எப்படிடா நிக்கும்?" என்று நாலு பேர் எதிரில் பையனைச் சத்தம் போட்டேன். அவன், "ஸ்டியரிங் நேரா இல்லப்பா, கொஞ்சம் ஒடிச்சுப் பிடிச்சாத்தான் வண்டி நேரா போகுது" என்றான். சாக்கு சொல்லாதே என்றேன். வண்டியையே விற்றுவிடலாம் என்றுகூட வாய் விட்டுவிட்டேன். அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

ட்ராக்கில் இருக்கும் வயதான மெக்கானிக் காகா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்: "அளந்து பார்த்தீங்களா சாப்?"

அளக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கார்ட்டில் சஸ்பென்ஷன் கிடையாது. பின்னால் டிஃபரன்ஷியலும் கிடையாது, இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு. அதனால் முன் சக்கரம் கொஞ்சம் கோணினாலும் அதைத் தாங்கிக்கொள்ள வேறு ஆளில்லை, டயர்தான் தாங்க வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது முன் சக்கரங்களின் மூக்கு வெளிப்பக்கம் விரிந்திருந்தால் டோ-அவுட், உள்பக்கம் குவிந்திருந்தால் டோ-இன். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்து நின்றால் அது கேம்பர்.

காகா டயர்களில் காற்றைச் சமமாக்கினார். பையனை ஹெல்மெட்டோடு சீட்டில் உட்கார வைத்தார். ஆள் ஏறினால் சேஸிஸ் வளையும், காலி வண்டியில் அளந்த அளவு பொய் என்றார். ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தி, சக்கரங்களின் வெளிப்பக்கம் நேரான அலுமினியப் பட்டைகளை ஒட்டி வைத்து, டயரின் முன் விளிம்புக்கு நேரே ஒரு அளவு, பின் விளிம்புக்கு நேரே ஒரு அளவு டேப்பில் எடுத்தார். முன்னால் 6 மில்லிமீட்டர் அதிகம். அப்புறம் டை ராடைக் கழற்றித் தரையில் உருட்டினார். அது நொண்டியது. இரண்டு வாரம் முன்னால் கெர்ப்பில் இடித்தது ஞாபகம் வந்தது. ஸ்டியரிங் நேராக இல்லை என்று பையன் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம்.

6 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நம்ம தொழில் கணக்கில் பாருங்கள். சக்கரத்துக்கு 3 மில்லிமீட்டர். முன் டயரின் விட்டம் 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர். விகிதம் சுமார் 1.2 சதவீதம். நேராக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த ரப்பர் ஏறக்குறைய 12 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது! ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சத்தமில்லாமல் 1.2 சதவீதம் பிடித்துக்கொள்ளும் கணக்கை யாராவது வைத்திருப்போமா?

டயர் ஒரு பாஸ்புக். எல்லா என்ட்ரியும் அதில் இருக்கும், நமக்குப் படிக்கத் தெரியணும். உள் விளிம்பு தேய்ந்து, கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழ, எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரி சொரசொர என்றால் டோவைச் சந்தேகப்படுங்கள். சொரசொரப்பு இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் கேம்பரைப் பாருங்கள். வலது வளைவுகள் அதிகமுள்ள ட்ராக்கில் இடது டயர் கொஞ்சம் கூடத் தேய்வது சகஜம், பாரம் அதன் மேல்தான் விழுகிறது. எங்களுக்கு இரண்டு டயரிலும் உள் விளிம்பு போயிருந்தது. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

புது டை ராட் போட்டு, முதலில் கேம்பர், பிறகு டோ என்று சரி செய்தோம். கேம்பரை மாற்றினால் டோவும் நகரும், அதனால் இந்த வரிசை முக்கியம். டை ராடின் ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை. லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருகினால் நீளம் மாறும். 2 மில்லிமீட்டர் டோ-அவுட்டில் நிறுத்தினோம். உங்கள் வண்டிக்கு அதன் கையேடு சொல்வதுதான் கணக்கு.

"டயர்னா தேயத்தான் சார் செய்யும், பையன் ஓட்டுறதைப் பாருங்க" என்று சில அப்பாக்கள் சொல்கிறார்கள். காற்று அழுத்தமும் ஓட்டும் விதமும் டயரைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் அளக்காத வண்டியில் பையனின் தப்பு எது, வண்டியின் தப்பு எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஆடிட்டே பண்ணாமல் கேஷியர் மேல் பழி போடுவது மாதிரிதான் அது.

ஊரை விட்டு வந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைக்குச் செலவழிக்கிறோம். காசு வலிக்கும்போது கோபம் முதலில் பிள்ளை மேல்தான் பாய்கிறது. என் யோசனை இதுதான்: கெர்ப்பில் இடித்த ஒவ்வொரு முறையும் டேப்பை எடுங்கள். பத்து நிமிஷ வேலை. அதற்கும் முன்னால், வண்டி எப்படிப் போகுது என்று ஓட்டின பிள்ளையைக் கேளுங்கள்.

அன்று திரும்பும் வழியில் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா, அடுத்த தடவை நான் அளக்கிறேன், நீங்க டேப் பிடிங்க" என்றான். இப்போது அப்படித்தான் நடக்கிறது.