கடன் கொண்டவன் உடையவன் ஆவதா?

கதைக்குள் கதை வந்து அமர்வது புதிதன்று. ஆனால், அமெரிக்கத் திரைக்கதை மாந்தர் ஒரு பழங்கதையை நினைவுகூரும்போது, பலகாலும் அவர்தம் கண்முன் நிற்பது அக்கதையன்று. அதனை வைத்து டிசுனி நிறுவனம் வரைந்த ஓவியப் படமே! இதனைச் சிறு குறிப்பென்றும் வெறும் விளையாட்டென்றும் ஒதுக்குவார் உளர். ஒருவன் பொருளைப் பிறன் பெயரால் நூறுமுறை அழைத்தால், நூற்றோராம் முறை அது பிறன் பொருளே ஆகிவிடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பனிவெண்மகள் கதை செருமானிய மக்களின் வாய்மொழிச் செல்வம். கிரிம் உடன்பிறந்தார் இருவரும் அதனைக் கேட்டெழுதி 1812-இல் அச்சேற்றினர். அவர்தம் ஏட்டில் ஏழு குள்ளர்க்கும் பெயரில்லை. அவள் கண்விழிப்பது முத்தத்தாலும் அன்று. பேழை சுமந்த ஏவலர் இடற, அக்குலுக்கலில் நச்சுப் பழத்துண்டு தொண்டையினின்று வெளிப்படுகிறது. 1937-ஆம் ஆண்டின் டிசுனி படத்திலோ குள்ளர் ஏழ்வர்க்கும் பெயருண்டு; இளவரசனின் முத்தமும் உண்டு. பின்னர் நிகழ்ந்தது என்ன? 1977-இல் வந்த 'ஆனி ஆல்' படத்தின் தலைவன், இளமையில் அப்படத்தைப் பார்த்தபோது பிறரெல்லாம் பனிவெண்மகளை விரும்பத் தான் மட்டும் கொடிய அரசியை விரும்பியதாகக் கூறுகிறான். 1984-இல் வந்த 'கிரெம்லின்சு' படத்தில், ஊரையே சூறையாடிய குறும்புப் பேய்கள் திரையரங்கில் கூடி அப்படத்தைக் கண்டு, குள்ளர் பாட்டைத் தாமும் சேர்ந்து பாடுகின்றன. பேய்கட்கும் அப்பாட்டுத் தெரியும். அக்கதையைக் காத்த செருமானியர் வாய்மொழிதான் எவர்க்கும் தெரியாது!

இத்தாலியின் பினோக்கியோவுக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. கொலோடி எழுதிய அக்கதை 1881 முதல் சிறுவர் இதழில் தொடராக வந்து, 1883-இல் நூலாயிற்று. அதில், அறிவுரை கூறும் சிள்வண்டை மரப்பாவை மரச்சுத்தியல் எறிந்து கொன்றுவிடுகிறது. 1940-ஆம் ஆண்டின் டிசுனி படத்தில் அவ்வண்டு சாவதில்லை. தொப்பியணிந்து, பாவையின் மனச்சான்றாய் நின்று பாடுகிறது! 2001-இல் இசுபீல்பர்க்கு எடுத்த, செயற்கை அறிவு பற்றிய படத்தையும் பாருங்கள். அதில் தாய் படித்துக் காட்டுவது பினோக்கியோ நூலைத்தான். ஆயினும் பொறிச்சிறுவன் தேடி அலைவது 'நீல அணங்கை'. கொலோடி படைத்தவளோ நீலக்கூந்தல் அணங்கு. கூந்தல் உதிர்ந்து அவள் 'நீல அணங்கு' ஆனது டிசுனி படத்தில். கையில் இருப்பது நூல். நாவில் இருப்பது படம்!

ஓவியப் படத்தைக் கதைக்குள் கொணர்வதே குற்றம் என்பதன்று. 1941-இல் வந்த 'சலிவன்சு டிராவல்சு' படத்தில், விலங்கு பூட்டிய சிறையாளர்கள் கறுப்பின மக்களின் சிற்றூர்க் கோயிலில் அமர்ந்து, புளூட்டோ என்னும் நாயின் ஓவியப் படத்தைக் கண்டு வாய்விட்டுச் சிரிக்கின்றனர். துயரப் படமே உயர்ந்ததென எண்ணியிருந்த இயக்குநன் சிரிப்பின் அருமையை அங்கே உணர்கிறான். அந்நாய் டிசுனி நிறுவனத்தின் தனிப்படைப்பு. அதனைச் சுட்டுவதால் எம்மக்களும் தம் கதையை இழக்கவில்லை.

முதனூல்தான் அழியவில்லையே என்பார்க்கு விடை இதுவே: நூல் நிலைப்பேழையில் உறங்குவது வாழ்வன்று, மக்கள் நாவில் வழங்குவதே வாழ்வு. கதை எழுதுவோர் தம் மாந்தரை ஒருமுறையேனும் முதனூலின் வாயிலில் நிறுத்துக! குழந்தைக்குக் கதை சொல்வோர் படத்தைக் காட்டுமுன் அக்கதை பிறந்த மண்ணையும் மக்களையும் சொல்லுக! கடன் கொண்டவன் பெயர் நிலைக்க, கொடுத்தவன் பெயர் மறைவது அறமாகாது.