வடசென்னைக்கு உரிய பொழுதுபோக்கு

ஹாம் வானொலி என்றதும், அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு அல்லது பொறியியல் மாணவர்களின் விளையாட்டு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இலக்கியம் வாசிக்கும் நமக்கும் அதற்கும் என்ன உறவு என்றும் கேட்கலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு இல்லை என்பது என் கருத்து. அதைத் தொடங்கிவைக்க வேண்டியவை இங்குள்ள கலைக்கல்லூரிகளும் நூலகங்களும்தான் என்றும் கருதுகிறேன்.

சென்னைக்கு வானொலியைக் கொண்டுவந்தவர்கள் ஆர்வலர்கள். 1924 மே மாதத்தில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாயிற்று. அவ்வாண்டு ஜூலை 31 அன்று அதன் ஒலிபரப்பு தொடங்கியது. முதல் கருவியின் ஆற்றல் 40 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு என்று கொள்ளலாம். பணத்தட்டுப்பாட்டால் 1927இல் கழகம் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டு கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1938இல் அகில இந்திய வானொலி அப்பொறுப்பை ஏற்றது. சிலருடைய ஆர்வம் ஊரின் பொதுச்சொத்தாக மாறிய வரலாறு இது. இதை நாம் மறந்துவிட்டோம்.

ஹாம் வானொலி ஒலிபரப்பு அன்று, உரையாடல். உரிமம் பெற்ற ஒருவர் உரிமம் பெற்ற இன்னொருவருடன், அதற்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் பேசுகிறார். வணிகம் பேசக்கூடாது, அரசியலும் கூடாது. ஒவ்வொரு உரையாடலிலும் தம் அழைப்புக்குறியைச் சொல்லியாக வேண்டும். இந்திய அழைப்புக்குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்று தொடங்கும். இணையத்தில் முகமூடி அணிந்து வசைபாடிப் பழகிய நமக்கு, 'நான் இன்னார்' என்று அறிவித்த பின்னரே பேசத் தொடங்கும் இந்த ஒழுங்கு வியப்பளிக்கக்கூடும்.

இயக்குபவர் ஒரு பதிவேடும் வைத்துக்கொள்கிறார். நாள், நேரம், அலைவரிசை, பேசியவர், அவர் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்பவை அதில் இடம்பெறும். தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணியிருப்பது தமிழ் மாணவருக்குத் தெரியும். யார், யாரிடம், எங்கே, எப்போது என்று குறிக்காமல் ஒரு பேச்சு முழுமை பெறாது என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு. ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான துறை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தொடங்குவது எப்படி? முதலில் கேட்க வேண்டும். ஒரு பக்கப்பட்டை ஒலியைப் பிரித்துத் தரும் சிற்றலைப் பெட்டி ஒன்று போதும். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பகலில் சில நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள குரல்கள் கேட்கும். இருட்டிய பின் அயனி மண்டலத்தின் கீழடுக்கு கரைந்துவிடுவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் குரல் வந்து சேரும். இந்த அலைவரிசைக்கான எளிய ஆன்டெனா என்பது ஏறத்தாழ 20 மீட்டர் செம்புக்கம்பி. நடுவில் வெட்டி இணைப்புக் கொடுத்து, மாடியில் இரு கம்பங்களுக்கிடையே கட்டலாம். அடுத்தது மத்திய அரசின் தேர்வு. 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் இயக்க விதிகளும் பாடம். தொடக்கநிலைத் தேர்வுக்கு மோர்ஸ் தேவையில்லை. உரிமம் கைக்கு வருமுன் மலிவான கைக்கருவியை வாங்கிப் பேசத் தொடங்குவது குற்றம். அந்த ஆசையைத் தவிர்க்க வேண்டும்.

கருவியை நாமே செய்துகொள்ளவும் வழியுண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003இல் வெளியிட்ட பிட்எக்ஸ் வடிவமைப்பு, இந்தியக் கடைகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அமைந்தது. அதன் கம்பிச்சுருள்களைத் தண்ணீர்க்குழாய் வாஷர்களின்மேல் சுற்றினார்கள். அந்தக் கருவியை உலகெங்கும் ஆர்வலர்கள் செய்துபார்த்தார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுபவரும் பற்றவைப்பவரும் தெருவுக்குத் தெரு இருக்கும் திருவொற்றியூரில் இத்தகைய கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. உதிரிபாகங்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. தொல்லைகளும் உண்டு. உப்புக்காற்று கம்பியை அரிக்கும். மின்கம்பத்துப் பீங்கான்களில் உப்பும் புழுதியும் படிந்து பொறி பறக்கையில் பெட்டியில் இரைச்சல் எழும். அந்த இரைச்சலுக்குள் ஒரு குரலைப் பிரித்தறியப் பழகுவதும் இப்பயிற்சியின் ஒரு பகுதிதான்.

எல்லார் கையிலும் கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள், 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிந்தைய நாள்களை நினைத்துப் பார்க்கட்டும். மின்சாரம் போனது, கோபுரங்கள் செயலிழந்தன, பக்கத்துத் தெருவின் நிலைகூடத் தெரியவில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஹாம் வானொலி இயக்குவதற்காகவே அரிதாகக் கிடைத்த அனுமதியுடன் போர்ட் பிளேரில் தங்கியிருந்தார். 26ஆம் தேதி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, பொழுதுபோக்கிற்காகக் கொண்டுசென்ற அதே கருவியால் அவரும் குழுவினரும் அந்தமானிலிருந்து தாய்நிலத்திற்கு நலச்செய்திகளை அனுப்பினார்கள். அவர்கள் அங்கே இருந்ததற்குக் காரணம் பேரிடர் மேலாண்மைத் திட்டம் எதுவுமில்லை, வெறும் ஆர்வம். ஆபத்துக் காலத்தில் உதவும் திறமை சாதாரண நாள்களின் பொழுதுபோக்கில்தான் வளர்கிறது.

சரியாக 19 ஆண்டுகளுக்குப் பின், 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறிய மக்கள் வீடுகளை விட்டுச் சாலைக்கு ஓடினார்கள். வானொலிப் பெட்டி அந்தக் கசிவைத் தடுத்திருக்காது. ஆலைகளின் பொறுப்புக்கும் அரசின் கண்காணிப்புக்கும் அது மாற்றும் ஆகாது. ஆனால் காற்று எத்திசையில் வீசுகிறது, எந்தப் பக்கம் போவது என்பதைக் குப்பத்துக்குக் குப்பம் நிதானமாகவும் சுருக்கமாகவும் சொல்லப் பழகிய பத்துப் பேர் ஒரு பகுதியில் இருப்பது சிறிய செய்தி அன்று.

எண்ணூர் மாடிகளிலிருந்து பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டின் புகைத்தடம் தெரியும். 2005 மே 5 அன்று அங்கிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட், ஹாம் ஆர்வலர்களுக்கென்றே ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளையும் ஏற்றிச் சென்றது. அதன் கருவிகளுள் ஒன்றை உருவாக்கியவர் நெதர்லாந்து மாணவர் ஒருவர். 2014 வரை அது இயங்கியது. நம் தலைக்குமேல் சென்ற அதனுடன் பேச, நம் பக்கத்தில் எத்தனை நிலையங்கள் இருந்தன?

ஒரு கல்லூரி, ஒரு கிளை நூலகம், ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம் என மூன்று இடங்களில் தொடங்கினால் போதும். மாலையில் ஒரு மணி நேரம் கேட்பதற்கு ஒரு பெட்டியும், தேர்வுப் பாடத்தைத் தமிழில் விளக்க ஓர் ஆசிரியரும் தேவை. விளக்கும் பணியையாவது தமிழ்த்துறையினர் ஏற்கலாம். மொழியை எளிதாக்கித் தருவது நம் தொழில்தானே.