காவல் மாற்றும் வேளை

சென்ற தை மாதம் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றை முன்னிட்டு நானும் என் மனைவியும் தாணேயில் நேத்ராவதி எக்ஸ்பிரஸ் ஏறி எர்ணாகுளம் போயிருந்தோம். முகூர்த்தம் முடிந்த மறுநாள் கையில் மிஞ்சிய பகற்பொழுதில், 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகையைப் பார்த்துவரலாமென்று போல்காட்டித் தீவுக்குச் சென்றோம். மாளிகையைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. அதன் அருகிலுள்ள படகுத் துறையில், பாய் சுருட்டிக் கட்டிய வெள்ளைப் படகுகள் நாலைந்து நின்ற இடத்தில், நாங்கள் கண்ட ஒரு குடித்தனந்தான் இன்றுவரை என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது.

அந்தப் படகின் நீளம் 36 அடி. மேல்தளத்து நிழலில் எழுபது வயதைக் கடந்த ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவியோ எஞ்சின் இருக்கும் பொந்துக்குள் தலையை நுழைத்து, ஸ்பானரால் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வியந்து நின்றதைக் கண்டு அந்த அம்மாள் எண்ணெய் படிந்த கையைத் துணியில் துடைத்தபடி எழுந்து வந்து, உள்ளே வந்து பாருங்கள் என்று அழைத்தார். டென்மார்க்கைச் சேர்ந்தவர்கள், அவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்தவர், அம்மாள் தபாலாபீஸில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கோடை முழுவதும் சொந்த ஊரில் பேரக் குழந்தைகளோடு இருந்துவிட்டு, அங்கே பகல் சுருங்கிக் குளிர் இறுகும் கார்த்திகை மாதத்தில் கிளம்பி, எந்தத் துறைமுகத்தில் படகைக் கரையேற்றி வைத்திருக்கிறார்களோ அங்கே வந்து சேர்ந்து, பங்குனிவரை வெதுவெதுப்பான நம் பக்கத்துக் கடல்களிலேயே குடியிருப்பது அவர்களுடைய வழக்கமாம். அந்த ஆண்டு தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து இலங்கைக்குச் சுமார் 1,100 கடல் மைல் வந்து, பிறகு குமரி முனையைச் சுற்றிக் கொச்சியை அடைந்திருந்தார்கள்.

உள்ளே இறங்கியதும் என் மனைவியின் கண் நேரே அடுப்பின்மேல் சென்றது. "ஏங்க, இங்க பாருங்க, அடுப்பு தொட்டில் மாதிரி ஆடுது" என்றாள். இரண்டு பக்கமும் கீல் வைத்துத் தொங்கவிடப்பட்ட அந்த அடுப்பு, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தான் சாயாமல் மட்டமாகவே நிற்கும். அதன்மேல் ஒரு பிரஷர் குக்கர் இருந்தது. குக்கரில் வெறும் சூப்புக் காய்ச்சினாலும் மூடியைப் பூட்டித்தான் காய்ச்சுவார்களாம். அலை தூக்கிப் போட்டால் கொதிக்கிற குழம்பு சமைப்பவர் மேலே கவிழாதிருக்க அதுவே உபாயம். முட்டைகளைக் கூடையில் வைத்துத் தினம் ஒருமுறை திருப்பி வைக்கிறார்கள். பாத்திரங்களைக் கடல் நீரில் கழுவிவிட்டு, நல்ல தண்ணீரில் ஒரு கை அலசுகிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து நாளொன்றுக்குப் பன்னிரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். அதற்குமேல் ஒரு குவளை செலவானாலும் நோட்டில் எழுத வேண்டும். தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் காத்திருந்து பழகிய தாணே வாசியான என் மனைவிக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கிற்று.

என் கண் சென்றது அவர்களுடைய பிரயாண நோட்டின்மேல். மூன்று மணி நேரத்துக்கு ஒரு வரி: காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், வாயு அழுத்தம் எவ்வளவு, கடந்த தூரம் எவ்வளவு. பக்கம் பக்கமாக அது இரண்டு கையெழுத்துக்களில் மாறி மாறிச் சென்றது. ஒரு வரி அவருடைய நெருக்கமான எழுத்து, அடுத்த வரி அம்மாளுடைய சாய்ந்த எழுத்து. கடலில் இருக்கும் இரவுகளில் ஒருவர் மூன்று மணி நேரம் விழித்திருந்து காவல் பார்க்க, மற்றவர் உறங்குகிறார். நேரம் வந்ததும் காவலில் இருப்பவர் தேநீர் போட்டு, உறங்குகிறவரைத் தொட்டு எழுப்பிக் கையில் கொடுத்துவிட்டு, தெரியும் கப்பல் விளக்குகளைக் காட்டி ஒப்படைத்துவிட்டுப் படுக்கப் போகிறார். பத்து நாள் நீடிக்கும் ஒரு கடற்பிரயாணத்தில் இருவரும் சேர்ந்து விழித்திருந்து பேசும் நேரம் அந்தத் தேநீர் ஆறும் நேரமும், பகலில் இரண்டொரு நாழிகையுமே என்று அம்மாள் சொன்னார்.

இந்த வாழ்க்கை காற்றின் தயவில் நடப்பது. மழைக்காலம் கழிந்து ஆசியப் பெருநிலம் குளிர்ந்து, அங்கே கனத்துத் தேங்கும் வறண்ட காற்று கடலை நோக்கி வழியத் தொடங்குகையில், அதை நம் கரையோரத்து மக்கள் வாடை என்கிறார்கள். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னங்கள் உருவாகுமாதலால் அவை அடங்கும்வரை பொறுத்திருந்து, தையில் வாடை சீராக வீசத் தொடங்கியபின் மேற்கே பாய் விரிப்பதுதான் விவேகம். சித்திரை பிறந்தால் காற்றின் மனம் மாறிவிடும். அதற்குள் பத்திரமான ஒரு துறையை அடைந்துவிட வேண்டும். தூத்துக்குடித் தோணிகளைச் செலுத்திய தண்டல்களும் ஆனி, ஆடிக் கச்சானுக்கு அஞ்சித் தோணியைத் துறையில் கட்டிப் போட்டவர்கள்தாம். பாக் நீரிணை வழியாக இறுகிப் புறப்பட்டு மன்னார் வளைகுடாவில் பாய்கிற வாடையை அந்தப் படகு எதிர்கொண்ட இரவைப் பற்றி நோட்டில் அம்மாளின் எழுத்தில் ஒரே ஒரு வாக்கியந்தான் இருந்தது: பாயை மூன்றாவது மடிப்புவரை சுருக்கினேன், அவரை எழுப்பவில்லை.

அவரை எழுப்பவில்லை என்ற அந்தச் சொற்களை நான் இரண்டு முறை வாசித்தேன். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டதற்கு, உறக்கமில்லாத மனிதன் மறுநாள் தவறு செய்வான், அது காற்றைவிட ஆபத்து என்றார் அம்மாள். அப்புறந்தான் தேங்காய்ப் பயிற்சியைப் பற்றிச் சொன்னார்கள். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஒருவர் மற்றவருக்குச் சொல்லாமல் ஒரு தேங்காயைக் கடலில் எறிந்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்தத் தேங்காய்தான் தண்ணீரில் விழுந்துவிட்ட துணை. மற்றவர் அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், தனி ஆளாகவே பாயை இறக்கி, எஞ்சினைக் கிளப்பி, படகைத் திருப்பி, தேங்காயை எடுத்தாக வேண்டும். முதல் வருஷம் அவர் எடுத்துவிட்டார். அம்மாளால் எடுக்க முடியவில்லை. தேங்காய் அலையில் மறைந்துபோனதைப் பார்த்த அன்றிரவே அவர், தமக்குத் தெரிந்தவை அனைத்தையும் மனைவிக்குக் கற்பித்துவிடுவது என்றும், மனைவிக்குத் தெரிந்தவை அனைத்தையும் தாம் கற்றுக்கொள்வது என்றும் தீர்மானித்தாராம். வெங்காயமும் ஸ்பானரும் கைமாறிய வரலாறு இதுதான்.

இது வெள்ளைக்காரர்களுடைய பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளின் கையால் செலுத்தப்பட்டு, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்று சேர்ந்தது. அதை விலைக்கு வாங்கிய வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன், அன்னபூரணி என்ற பெயரை எடுத்துவிட்டுத் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். மனைவிமேல் அவருக்கிருந்த பிரியத்தை நான் குறை சொல்லவில்லை; ஆயினும் அந்தத் தமிழ்ப் பெயர் அழிந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நம் காலத்திலும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் ஆகிய இரண்டு கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29ஆம் தேதி திரும்பி வந்தார்கள். அத்தனை மாதங்களும் ஒருவர் விழித்திருக்க ஒருவர் உறங்கிய படகு அது.

தம்பதிகளில் இதற்கு முன்னோடிகள் எரிக் ஹிஸ்காக், சூஸன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலேயர்கள். 30 அடிப் படகில் 1952 முதல் 1955 வரை உலகைச் சுற்றினார்கள். எரிக்குக் கண்பார்வை மிகக் குறைவு. புத்தகங்களில் பெரும்பாலும் அவர் பெயர்தான் முன்னே நிற்கிறது என்றாலும், தூரத்து விளக்கையும் பாறையையும் சூஸன் கண்டு சொல்லாதிருந்தால் அந்தப் பிரயாணம் நடந்திருக்குமா என்பது என் கேள்வி.

ரயிலில் திரும்பி வருகையில் நான் எங்கள் வாழ்க்கையையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853இல் ஓடிய அதே போரி பந்தர் - தாணே பாதையில் நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தினமும் போய்வந்தவன். என் மனைவி மாட்டுங்காவில் பள்ளி ஆசிரியை. காலைப் பள்ளிக்கூடமாதலால் விடிவதற்குள் அவள் புறப்பட்டுவிடுவாள். நான் குழந்தைகளுக்குத் தலை வாரிவிட்டு எட்டு மணி லோக்கலைப் பிடிப்பேன். பகலில் அவள் திரும்பி வருவாள். இரவு எட்டரைக்கு நான் வருவேன். வீட்டுச் சாவி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கதவருகில் மாறும் வேளைகளிலேதான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பம்பாயில் குடும்பம் நடத்திய எத்தனையோ பேர், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் டோம்பிவிலியிலும், இப்படிக் காவல் மாற்றிக்கொண்டே ஜீவித்தவர்கள்தாம். ஆனால் படகுக்காரர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் ஒருவர் காவலில் மற்றவருடைய வேலை முழுவதையும் செய்தார்கள். நாங்கள் எங்கள் எங்கள் வேலையை மட்டுமே செய்தோம். வங்கியும் வரியும் இன்ஷூரன்ஸும் என்னுடையவை. அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது, அவளுடைய ரத்த அழுத்த மாத்திரை எந்த வேளைக்கு எது என்பவை எனக்குத் தெரியாதவை.

இதன் விலை என்னவென்பதை எங்கள் கட்டடத்திலேயே கண்டேன். கீழ்வீட்டுப் பெரியவர் ஒரு மழைக்காலத்து இரவில் மாரடைப்பில் காலமானார். பதின்மூன்றாம் நாள் முடிந்தபின், அந்த அம்மாள் ஒரு பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் மூன்று பாஸ்புத்தகங்கள், ஒரு லாக்கர் சாவி, மடித்துக் கிழியும் நிலையிலிருந்த பென்ஷன் உத்தரவு. எந்த லாக்கர் என்று அவருக்குத் தெரியாது. குடும்ப பென்ஷன் என்று ஒன்று தமக்கு உண்டு என்பதே தெரியாது. நாற்பத்தாறு வருஷம் சம்சாரம் நடத்திய அம்மாள் அவர். அந்த டின்னைத் திறந்தபோது அவருடைய கை நடுங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. அதே வருஷம் மனைவியை இழந்த என் நண்பர் ஒருவர், பால் பொங்காமல் காய்ச்சத் தெரியாமல் மூன்று மாதம் ஓட்டலில் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொண்டார். இருவருக்கும் துணை தண்ணீரில் விழுந்தது. படகைத் திருப்பத்தான் தெரியவில்லை.

கொச்சியிலிருந்து வந்த பிறகு, குளிர்காலக் காலைகளில் நாங்கள் இருவரும் தாணேக் கழியின் ஓரத்துக்குப் போகிறோம். மராத்தியில் காடி என்கிறார்கள். ஆவணிப் பௌர்ணமியில் சேந்தனிக் கோளிவாடா மீனவர்கள் தேங்காய் விட்டு வணங்கும் நீர் அது; கார்த்திகைக்குப் பிறகு பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் சேறு அது. 2022இல் அது ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இத்தனை வருஷம் ரயில் ஜன்னலிலிருந்துகூட நான் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. வற்றம் எப்போது, பெருக்கு எப்போது என்பதைப் பஞ்சாங்கத்துத் திதியோடு ஒப்பிட்டு அவள் ஒரு நோட்டில் எழுதுகிறாள். பறவைகளின் எண்ணிக்கையை நான் எழுதுகிறேன். அந்த நோட்டின் பின்பக்கங்களில் வேறு கணக்குகள் இருக்கின்றன: வங்கிக் கணக்கு எண்கள், நாமினி யார், பென்ஷன் உத்தரவு எந்த உறையில், நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்கும் விதம் எப்படி, எதிர்ப்பக்கத்தில் அவள் கையெழுத்தில் மாத்திரைகள், மளிகை அளவு, ரசப்பொடிக்கு எத்தனை மிளகு.

இதை வாசிக்கும் அன்பர்கள், எந்த வயதினராயினும், இந்த வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவந்து தம் துணையோடு உட்கார வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இம்மாதம் முதல் தேதி என் மனைவி தனியாகவே வங்கிக்குச் சென்று இருவருடைய பாஸ்புத்தகங்களிலும் வரவு பதித்துக்கொண்டு வந்தாள். அன்று பகல் சமையல் என்னுடையது.