நோய் விவரம் நிர்வாகத்துக்கு எதற்கு?

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஊழியர், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆய்வக அறிக்கை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அலுவலக எச்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார். குழு மருத்துவக் காப்பீடு உள்ள பல நிறுவனங்களில் இதுதான் வழக்கம். கருச்சிதைவு என்றாலும் மனநலச் சிகிச்சை என்றாலும் காகிதங்கள் போகும் வழி மாறுவதில்லை. பதவி உயர்வுக்கும் ஆட்குறைப்புக்கும் பட்டியல் தயாரிப்பதும் அதே பிரிவுதான்.

காப்பீட்டு நிறுவனமும், அதன் சார்பில் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ.வும் நோய் விவரத்தைப் பார்த்தே ஆக வேண்டும். நிர்வாகத்துக்கு அந்தத் தேவை இல்லை. பாலிசியில் ஆட்களைச் சேர்ப்பது, விலகியவர்களை நீக்குவது, பிரீமியம் கட்டுவது ஆகியவற்றோடு அதன் வேலை முடிகிறது. ஆனால், ஆண்டுதோறும் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, முந்தைய ஆண்டு கிளெய்ம் கூடியிருந்தால் பிரீமியமும் கூடுகிறது. யாரால் செலவு ஏறியது என்று பார்க்கும் ஆசை முதலாளிக்கு வரத்தான் செய்யும். பெயர்களை நீக்கிவிட்டுப் பட்டியல் கொடுத்தாலும் போதாது. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ‘டயாலிசிஸ்: 1’ என்று இருந்தால், அது யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

“கையெழுத்துப் போட்டுத்தானே கொடுத்தார்கள்” என்ற சமாதானத்தை ஏற்பதற்கில்லை. வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் கற்றைக் காகிதத்தில் எதையும் மறுக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவுகளைக் கூருணர்வுத் தகவல் என வகைப்படுத்தி, எழுத்துபூர்வ ஒப்புதலைக் கட்டாயமாக்கின. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. அதன் 6ஆவது பிரிவு சுதந்திரமான, தெளிவான ஒப்புதலைக் கேட்கிறது. 7ஆவது பிரிவோ, ஊழியர் நாடும் சலுகைக்காக என்றால் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள வழிவிடுகிறது. பலவீனமான தரப்புக்கு இருந்த ஒரே கேடயத்தை இப்படிக் கழற்றியது தவறு.

7ஆவது பிரிவு தரும் அந்த விலக்கும்கூட ஊழியருக்கு மட்டும்தான். பாலிசியில் சேர்க்கப்படும் மனைவியோ வயதான பெற்றோரோ அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். அம்மாவின் சர்க்கரை நோயை மகனின் அலுவலகத்தில் பதிவுசெய்ய, மகனின் கையெழுத்து மட்டும் எப்படிப் போதும்? அம்மாவிடமே கேட்க வேண்டும். தமிழில் கேட்க வேண்டும். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் ஒப்புதல் கோரும் அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பை இந்தச் சட்டமே தந்திருக்கிறது.

2025 நவம்பரில் இந்தச் சட்டத்துக்கான விதிகள் அறிவிக்கப்பட்டாலும், முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நோய் விவரம் எதுவும் நிர்வாகத்தின் கைக்குப் போகக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இப்போதே உத்தரவிட வேண்டும். மருத்துவமனையிலிருந்தோ ஊழியரிடமிருந்தோ ஆவணங்கள் நேராக டி.பி.ஏ.வுக்குப் போகட்டும். டி.பி.ஏ.வின் இணையதளத்திலோ செயலியிலோ நேரடியாகப் பதிவேற்றும் வசதி உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அடுத்த முறை டிஸ்சார்ஜ் சம்மரியை எச்.ஆர். பிரிவுக்கு அனுப்பாதீர்கள்.